யந்திர வேஷம்

சென்னை மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து வடக்கே புறப்படும் புறநகர் ரயில், எண்ணூரையும் அத்திப்பட்டையும் மீஞ்சூரையும் பொன்னேரியையும் கவரைப்பேட்டையையும் கடந்து கும்மிடிப்பூண்டியில் வந்து நிற்கிற வரையில், சன்னலோரத்துப் பிரயாணியின் கண்ணில் படுவனவற்றில் வயலும் வாய்க்காலும் ஒரு பாதியென்றால், மறுபாதி முழுவதும் யந்திரங்களும் யந்திரங்களின் விளைவுகளுமே. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், துறைமுகத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் கன்டெய்னர் லாரிகளும், சிப்காட் வளாகத்தின் இரும்புருக்கு ஆலைகளும், ரோலிங் மில்களும், வார்ப்படச் சாலைகளும் இந்தச் சீமையின் அன்றாடக் காட்சிகள். மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் திரும்பினாலோ, காக்களூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளும், அதிகத்தூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவிய பெருந்தொழிற்சாலையும் அதே கதையைச் சொல்லும். 1998-ம் ஆண்டு முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் புறப்பட்டது அந்தத் தொழிற்சாலையின் வாசலிலிருந்துதான். யந்திரம் என்பது இந்த ஜில்லாவுக்கு அதிசயப் பொருளன்று. எட்டு மணி நேர ஷிப்டு முழுவதும் அதன் எதிரே நின்று, அதன் சத்தத்தைக் காதிலும் அதன் எண்ணெயை விரல் நகத்திலும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிற ஜனங்கள் வாழும் பூமி இது.

ஆயினும் 2010-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ‘எந்திரன்’ வெளியானபோது, பகலெல்லாம் யந்திரத்தோடு மல்லாடிய அதே ஜனங்கள், ஒரு மனிதர் யந்திரமாக வேஷம் கட்டி ஆடுவதைக் காண்பதற்குத் தியேட்டர் வாசல்களில் காத்து நின்றார்கள். இதை வெறும் நட்சத்திர மோகம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். மனிதன் யந்திரமாக நடிப்பது என்னும் இந்த வினோதமான தொழிலுக்கு இப்போது நூறு வயது கடந்துவிட்டது. அதன் சரித்திரத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அந்த வேஷம் அதைத் தரித்தவனுடைய பெயரை என்ன செய்கிறது என்ற கேள்வியிலேதான் மற்ற எல்லா விஷயங்களும் வந்து முடிகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

வேஷம் என்பது நம்மவர்க்குப் புதிதல்ல. வட தமிழ்நாட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வாசித்து, இரவெல்லாம் கூத்தாடி, முடிவில் துரியோதனனை மண்ணால் பேருருவமாகப் படுக்கவைத்துப் படுகளம் நடத்தும் வழக்கம் இன்றைக்கும் அற்றுப்போகவில்லை. அந்தக் கூத்தில் ராஜ வேஷம் தரிக்கிறவர்களைக் கட்டை வேஷக்காரர் என்பார்கள். இலேசான மரத்தில் செதுக்கி, வர்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் பதித்த கிரீடமும் புஜக்கீர்த்தியும் மார்பதக்கமும் சேர்ந்ததே கட்டை. சாயங்காலமே அரிதாரம் பூசத் தொடங்கி, இடுப்பைச் சுற்றித் துணியைத் திணித்துப் பாவாடையை அகலப்படுத்தி, ஒவ்வோர் உறுப்பாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டி முடிப்பதற்குள் ஊர் சாப்பிட்டு முடித்துக் களத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அதன்பின் இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, சிறிது சிறிதாகத் தம்மைக் காட்டி, வெளிப்பட்ட பிறகு விடியும்வரை அந்தப் பாரத்தோடேயே சுழன்று ஆடவேண்டும். ஒரு முக்கியமான அம்சம் இதில் கவனிக்கத் தக்கது: இத்தனை மரத்தையும் தேகத்தின்மேல் ஏற்றினாலும் முகத்தை மாத்திரம் மூடுவதில்லை. முகம் வர்ணத்தால் மறைகிறது. ஆனால் கண்ணும் வாயும் அந்த நடிகனுடையவையாகவே இருக்கின்றன. எந்த ஊர்க் கூத்துக்காரர், யாருடைய மகன், போன வருஷம் எந்த வேஷம் கட்டினார் என்பதெல்லாம் களத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு நன்றாகத் தெரியும்.

தெரிவது மாத்திரமல்ல, வேஷமே மனிதனுக்குப் பட்டமாகிவிடுவதும் நம் நாடக உலகத்தின் வழக்கம். ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் நவாபாக நடித்துப் பிரசித்தி பெற்ற டி. எஸ். ராஜமாணிக்கம், ஆயுள் உள்ளவரை நவாப் ராஜமாணிக்கமாகவே விளங்கினார். மேடையில் காளி வேஷம் புனைந்த என். ரத்தினம், பின்னாளில் ‘சபாபதி’ படத்தில் வேலைக்காரனாக வந்து சிரிக்க வைத்தபோதும் காளி என். ரத்தினம்தான். வேஷம் மனிதனை விழுங்கவில்லை. அவனுடைய பெயருக்கு முன்னால் ஓர் ஆபரணமாக வந்து அமர்ந்துகொண்டது. தமிழ் ரஸிகனுடைய இந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, மேல்நாட்டில் யந்திர வேஷம் கட்டியவர்களுக்கு நேர்ந்த கதியைப் பார்க்கவேண்டும்.

செக்கோஸ்லோவாக்கியாவின் காரெல் சாப்பெக் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ என்னும் நாடகம் 1921-ம் ஆண்டு ஜனவரியில் பிராக் நகரத்து மேடையேறியது. உலகத்துக்கு ரோபோ என்ற பெயரைக் கொடுத்த அந்த நாடகத்தில் மேடைமேல் வந்த ரோபோக்கள் எல்லோரும் சாதாரண நடிகர்களே. சினிமாவில் முதல் பெரிய யந்திர உருவம் 1927-ம் ஆண்டு ஜனவரியில் பெர்லினில் திரையிடப்பட்ட ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் வந்தது. பிரிட்ஸ் லாங் இயக்கிய அந்தப் படத்தில் தொழிலாளர்களின் தலைவியான மரியாவாகவும், அவளைப்போல் உருவாக்கப்படும் யந்திரப் பெண்ணாகவும் நடித்தவர் பிரிகிட்டே ஹெல்ம் என்ற இளம் பெண். வால்டர் ஷுல்ட்ஸே-மிட்டென்டார்ப் என்ற சிற்பி, அவருடைய தேகத்தை அச்செடுத்து, மரப்பசைக் கலவையால் கவசம் செய்து, உலோகம்போல் வர்ணம் பூசினார். அது உடம்பைக் கிள்ளி இறுக்கியது. விளக்குகளின் வெப்பத்தில் உள்ளே மூச்சுத் திணறியது. முகம் துளியும் தெரியாத இந்தக் கவசத்துக்குள் வேறு யாரையாவது நிறுத்தினால் என்ன என்று அந்தப் பெண் லாங்கிடம் கேட்டதாகவும், மற்றவர்க்குத் தெரியாவிட்டாலும் தமக்குத் தெரியும் என்று அவர் மறுத்துவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. கலைஞனுடைய பிடிவாதம் என்று லாங்கை மெச்சுவதா, பாவம் என்று ஹெல்முக்காக இரங்குவதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

அதற்கப்புறம் இந்த வழியில் வந்தவர்கள் பலர். 1956-ம் ஆண்டின் ‘பார்பிடன் பிளானெட்’ படத்தில் வந்த ராபி என்ற ரோபோவை உலகத்துக் குழந்தைகள் எல்லாம் பொம்மையாக வாங்கி விளையாடின. உள்ளே நின்று நடந்த பிராங்கி டாரோவின் பெயரைக் கேட்டறிந்த குழந்தை இருந்திராது. ஜப்பானில் 1954 முதல் 1972 வரையில் காட்ஸில்லா என்னும் ராட்சதப் பிராணியின் தோலுக்குள் புகுந்து நடித்த ஹருவோ நகாஜிமா, ரப்பர் உறைக்குள் வியர்த்து மயங்கி விழுந்ததுண்டு. இவர்கள் எல்லோரையும்விட நீண்ட காலம் உலோக வேஷத்தோடு வாழ்ந்தவர் இங்கிலாந்து தேசத்து ஆன்டனி டேனியல்ஸ்.

1946-ம் ஆண்டு பிப்ரவரியில் சாலிஸ்பரியில் பிறந்த டேனியல்ஸ், சட்டம் படிக்கப் புகுந்து அதைப் பாதியில் விட்டுவிட்டு, நாடகப் பள்ளியில் சேர்ந்து, அபிநயத்திலும் மௌன நடிப்பிலும் தேர்ச்சி பெற்று, பி.பி.சி. வானொலி நாடகங்களிலும் லண்டன் மேடையிலும் காலடி வைத்துக்கொண்டிருந்த இளைஞர். விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் அவருக்குச் சிறிதும் பிரியமில்லை. ஜார்ஜ் லூகாஸ் என்ற அமெரிக்க இயக்குநர் ஒரு ரோபோ வேஷத்துக்கு ஆள் தேடுகிறார் என்று 1975-ம் ஆண்டு தெரியவந்தபோது, மனமில்லாமலேதான் அவரைப் பார்க்கச் சென்றார். சென்ற இடத்தில் ரால்ப் மெக்குவாரி வரைந்த ஓவியம் ஒன்று சுவரில் இருந்தது: பாலைவனத்தில் நின்று, பார்க்கிறவனைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பொன்னிற யந்திர மனிதன். பார்த்தவுடனேயே பழைய ‘மெட்ரோபோலிஸ்’ படத்து யந்திரப் பெண்ணின் சாயலை யாரும் அதில் கண்டுகொள்ளலாம். அந்த முகத்தின் ஏக்கமே தம்மை இழுத்துவிட்டது என்று டேனியல்ஸ் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பாத்திரத்துக்கு சி-த்ரீபியோ என்று பெயர்.

வேஷம் தயாரான விதம், மிட்டென்டார்ப் ஹெல்முக்குச் செய்ததையே பெரும்பாலும் ஒத்தது. டேனியல்ஸின் தேகம் முழுவதையும் பிளாஸ்டரில் அச்செடுத்து, லிஸ் மூர் என்ற பெண் சிற்பி முகத்தை வடித்து, கண்ணாடியிழையும் அலுமினியமும் ரப்பரும் பிளாஸ்டிக்குமாகப் பகுதி பகுதியாகக் கவசம் செய்தார்கள். 1976-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் துனீசியாவின் பாலைவனத்தில் முதன்முதலாக அதை முழுமையாக அணிவித்தபோது, திருகாணிகளை முடுக்கி முடிப்பதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. கூடாரத்தை விட்டுச் சில அடி நடப்பதற்குள் இடது காலின் உறை நொறுங்கி அவர் பாதத்தையே குத்திக் கிழித்தது. அதைப் போட்டுக்கொண்டால் உட்கார முடியாது. பக்கவாட்டில் பார்வை போகாது. எதிரில் என்ன இருக்கிறது என்பதை இரண்டு சிறு துவாரங்கள் வழியே பார்த்துக்கொண்டு, விழாமல் நடப்பதே பெரும் சாதனை. மேனாட்டு விமர்சகர்கள் வியந்த அந்தக் குறுகிய அடிவைப்பும், முழங்கையை மடித்தபடி முன்னே நீட்டிய கைகளும் பாதி கலையினால் வந்தவை, பாதி கவசத்தின் நிர்ப்பந்தத்தினால் வந்தவை. கட்டை வேஷத்தில் ஆடுகிற நம் கூத்துக்காரருக்கு இது புதுமையாகப் படாது. அவருடைய சுழற்சியிலும் பாதி, மரத்தின் பாரம் கற்றுக்கொடுத்ததுதான்.

குரலைப் பற்றிய கதை இன்னும் ருசிகரமானது. பழைய கார் விற்கும் அமெரிக்கத் தரகன்போல அந்த யந்திரம் பேசவேண்டும் என்பது லூகாஸின் எண்ணம். ஆதலால் டேனியல்ஸின் குரலை நீக்கிவிட்டு வேறு குரலைப் பொருத்துவதற்காகப் பல கலைஞர்களை அழைத்துச் சோதித்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அப்படி அழைக்கப்பட்டவர்களில் ஒருவரான ஸ்டான் பிரீபர்க் என்ற நகைச்சுவைக் கலைஞரே, உள்ளே இருப்பவருடைய குரலையே வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னாராம். இங்கிலீஷ் பணியாளர்களுக்கே உரிய பவ்யமும் பதற்றமும் கலந்த அந்தக் குரல் அப்படித்தான் தப்பிப் பிழைத்தது. தன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு இன்னொருவனுக்குச் சிபாரிசு செய்த பிரீபர்க்கை இந்தச் சரித்திரத்தில் மறக்கக் கூடாது.

1977-ம் ஆண்டு மே மாதம் 25-ம் தேதி ‘ஸ்டார் வார்ஸ்’ வெளிவந்தது. உலகம் அதைக் கொண்டாடிய விதத்தை விவரிக்க வேண்டியதில்லை. ஆகஸ்டு மாதம் ஹாலிவுட்டின் சீனத் தியேட்டர் முற்றத்தில், பெரிய நட்சத்திரங்கள் பாதம் பதித்த சிமெண்டுத் தளத்தில், சி-த்ரீபியோவும் பாதம் பதித்தது. பாதம் டேனியல்ஸினுடையது, பெயர் யந்திரத்தினுடையது. ரோபோ நிஜமானது என்றே ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்கட்டும் என்று விளம்பரக்காரர்கள் கருதியபடியால், உள்ளே இருந்தவரைப் பற்றி மூச்சுவிடாமல் இருந்துவிட்டார்கள் என்று அவர் பிற்காலத்தில் மனம் நொந்து சொல்லியிருக்கிறார். அவருடைய துணைவரான ஆர்-டூ-டீ-டூ என்ற சின்ன யந்திரத்துக்குள் இருந்த கென்னி பேக்கர் மூன்றடி எட்டங்குல உயரமுள்ள குள்ளர். அவருக்கும் ஏறக்குறைய இதே கதிதான். நவாப் வேஷம் ராஜமாணிக்கத்துக்குச் சூட்டிய கிரீடத்தைப் பொன் வேஷம் டேனியல்ஸுக்குச் சூட்டவில்லை. இருந்த பெயரையும் கழற்றி வைத்துக்கொண்டது.

ஆச்சரியம் என்னவென்றால், இப்படி மனத்தாங்கல் கொண்டவர் அந்த வேஷத்தை விட்டு ஓடிவிடவில்லை. விடுமுறை நிகழ்ச்சி, வானொலி நாடகம், கார்ட்டூன் படம், டிஸ்னி கேளிக்கைப் பூங்காவின் சவாரி என்று எங்கே அந்த யந்திரம் பேசினாலும் பேசியவர் பெரும்பாலும் அவரே. 1999-ம் ஆண்டு வந்த படத்தில் சி-த்ரீபியோவை உறையில்லாத எலும்புக்கூடாகக் காட்டவேண்டியிருந்ததால், மைக்கேல் லிஞ்ச் என்ற கலைஞர் ஒரு பொம்மையைத் தம் உடம்போடு பிணைத்துக்கொண்டு பின்னால் நின்று ஆட்ட, பிறகு அவருடைய உருவத்தைக் கம்ப்யூட்டரால் அழித்துவிட்டார்கள். டேனியல்ஸ் குரல் மட்டும் கொடுத்தார். ஆட்டுகிறவன் அழிந்து பொம்மை நிற்பது நம் பொம்மலாட்டத்திலும் உள்ளதுதான். 2015-ம் ஆண்டுப் படத்துக்கு முப்பரிமாண அச்சு முறையில் புதுக் கவசம் செய்து, அணியும் சிரமத்தைப் பெரிதும் குறைத்தார்கள். 2019-ம் ஆண்டு டிசம்பரில் ஒன்பதாவது பாகம் வெளியானபோது அவருக்கு வயது 73. ஒன்பது பாகங்களிலும் வந்த நடிகர் அவர். அதே ஆண்டில் தம் வாழ்க்கைக் கதையை எழுதி வெளியிட்டு, ‘நானே சி-த்ரீபியோ’ என்ற பொருளில் அதற்குத் தலைப்பும் இட்டார். ராஜமாணிக்கத்துக்கு ஊரார் கொடுத்ததை டேனியல்ஸ் தாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டு தாமதமாக.

நம் பக்கம் திரும்புவோம். தமிழ்ச் சினிமாவில் விஞ்ஞானக் கற்பனை ரொம்ப நாள் ஒரு விருந்தாளியாகவே வந்து போயிற்று. 1963-ம் ஆண்டு ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்தார் வந்து கதாநாயகியைத் தூக்கிச் சென்றார்கள், எம்.ஜி.ஆர். பின்தொடர்ந்து போனார். 1989-ல் வந்த ‘நாளைய மனித’னில் செத்துப் பிழைத்த ராட்சத உருவமாக அஜய் ரத்னம் நடந்தார். ரோபோவைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தவர் சினிமாக்காரரல்லர், பத்திரிகை எழுத்தாளரான சுஜாதா. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்துகொண்டே ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற யந்திர நாய், மனிதர்களைவிடச் சாமர்த்தியமாகப் பேசி வாசகர்களைக் கட்டிப்போட்டது. ஜீனோவுக்கு நடிகன் வேண்டியிருக்கவில்லை. வாரந்தோறும் ஓவியமும் வாசகனுடைய மனமும் போதுமாயிருந்தன.

இயக்குநர் ஷங்கர் ‘எந்திர’னை எடுக்க நினைத்தது படம் வெளிவருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு. முதலில் கமல்ஹாசனை வைத்து ‘ரோபோ’ என்ற பெயரில் தொடங்கி, புகைப்படங்கள் எடுக்கிற அளவுக்குப் போய் நின்றுவிட்டது. பிறகு ஷாரூக் கானோடு பேச்சு நடந்து முறிந்தது. கடைசியில் வேஷம் ரஜினிகாந்திடம் வந்தது. 2008 பிப்ரவரியில் படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. அதே மாதம் 27-ம் தேதி, வசனம் எழுதிய சுஜாதா காலமானார். மிச்சத்தை ஷங்கரும் மதன் கார்க்கியும் எழுதி முடித்தார்கள். ஸாபு சிரில் கலை நிர்மாணத்துக்கும், ஸ்ரீனிவாஸ் மோகன் தந்திரக் காட்சிகளுக்கும் தேசிய விருது பெற்றார்கள். அமெரிக்காவின் லெகஸி எஃபெக்ட்ஸ் ஸ்தாபனம், ரஜினிகாந்தின் முகத்தை அளவெடுத்து முகமூடிகளையும் அசையும் பொம்மைகளையும் செய்து கொடுத்தது.

இங்கேதான் மேல்நாட்டுக் கதையும் நம் கதையும் பிரிகின்றன. டேனியல்ஸின் முகத்தை உலகம் காணவில்லை. ரஜினிகாந்தின் முகத்தை மறைப்பது யாருக்கும் சாத்தியமில்லை; மறைத்தால் படம் ஓடாது. ஆதலால் சிட்டி என்னும் அந்த ரோபோவைத் தோல் போர்த்திய மனித முகத்தோடேயே வைத்தார்கள். உலோக எலும்பு சிற்சில காட்சிகளில் மாத்திரம் எட்டிப் பார்க்கிறது. விஞ்ஞானி வசீகரன், வெகுளியான சிட்டி, சிவப்புச் சில்லு பொருத்தப்பட்ட பின் குரூரனாக மாறும் சிட்டி என்று மூன்று மனோபாவங்களை அந்த ஒரே முகம் தாங்கிற்று. 59 வயதில் அவர் செய்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, முதல் பாதியில் சிட்டி ஒன்றும் செய்யாமல் நிற்கிற இடங்கள்தான். இமை தட்டாமல், கழுத்தை மாத்திரம் திருப்பி, கேட்டதற்கு மாத்திரம் பதில் சொல்லி, தமக்கே உரிய கைவீச்சையும் வேகத்தையும் அடக்கிக்கொண்டு நிற்கிறார். இத்தனை வருஷம் பழக்கிய ஸ்டைலைக் கழற்றி வைப்பது அவருக்குக் கவசம் அணிவதைவிடக் கஷ்டமாயிருந்திருக்க வேண்டும். இரண்டாம் பாதியில் அந்த ஸ்டைல் திரும்பி வருகிறபோது தியேட்டர் எழுந்து நின்றது. யந்திரம் கெட்டுப்போனதற்காகக் கை தட்டிய கூட்டத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

ஆனால் ஒரே சட்டத்தில் நூறு சிட்டிகள் நிற்கிறார்களே, ரயில் பெட்டியின்மேல் தாவுகிறார்களே, அத்தனையும் ஒருவராக இருக்க முடியுமா? முகமூடி மாட்டிய டூப்புகளும், கம்ப்யூட்டரில் ஒட்டிய முகங்களுமாகச் சேர்ந்துதான் சிட்டி. மேல்நாட்டில் நடிகனை விழுங்கியது உலோகம்; இங்கே டூப்பை விழுங்கியது இன்னொரு நடிகனின் முகம். கீர்த்தி பெற்றவர்க்குக் கவசம் கண்ணாடி. பெயரில்லாதவர்க்குத்தான் அது இரும்பு.

சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்கள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு தனிச் சுவை உண்டு. அவர்கள் அறிந்த ரோபோவுக்கு முகம் கிடையாது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், தரையில் போல்ட் அடித்து நிறுத்திய ஒற்றைக் கை அது. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று கணுக்கள் மாத்திரம் உண்டு. பிரஸ்ஸில் தகட்டை வைப்பதோ, வெல்டிங் பொறியை உமிழ்வதோ, ஒரே அசைவை விடாமல் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். வேலியின் கதவைத் திறந்தால் அந்த க்ஷணமே நின்றுவிடும், உள்ளே வருகிறவனை அடித்துவிடக் கூடாது என்பதற்காக. காதலிக்கவோ கோபிக்கவோ தெரியாத அந்தக் கைக்குப் பக்கத்தில், அதற்குச் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி நிற்கிறான். பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டில் எது மற்றதைப்போல நடிக்கிறது என்ற சந்தேகம் எழும். அவனுடைய கார்டில் நம்பர் இருக்கிறது. சூப்பர்வைசர் கூப்பிடுவதும் பெரும்பாலும் அவனுடைய மாநிலத்தின் பெயரைச் சொல்லித்தான்.

இதே ஜில்லாவின் வட எல்லையைத் தாண்டி, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ராக்கெட் கிளம்புகிற நாளில் ஆரம்பாக்கத்து மாடிகளில் ஜனங்கள் நின்று பார்ப்பது வாடிக்கை. ககன்யான் திட்டத்துக்காக விண்வெளி நிறுவனம் உருவாக்கி, 2020 ஜனவரியில் பெங்களூரில் காட்சிக்கு வைத்த வ்யோமமித்ரா, கால்களில்லாத பெண்ணுருவ யந்திரம்; பார்வையாளர்களிடம் தானே தன்னை அறிமுகம் செய்துகொண்டு பேசியது. நூறு வருஷமாக மனிதன் யந்திரமாக வேஷம் போட்டதற்குப் பதில் மரியாதையாக, யந்திரம் இப்போது மனிதனாக வேஷம் போடுகிறது. அதற்கு அழகான பெயரும் கிடைத்துவிட்டது.

சிட்டி திரும்பவும் வந்தது 2018 நவம்பர் 29-ம் தேதி, ‘2.0’ படத்தில். அக்ஷய் குமார் எதிர் நாயகனாகவும், எமி ஜாக்சன் நிலா என்ற பெண் ரோபோவாகவும் நடித்தார்கள். 67 வயது ரஜினிகாந்த் சிட்டியோடு ‘குட்டி’ என்ற சின்னஞ்சிறு உருவங்களாகவும் வந்தார். முதல் படத்தில் நடிகனுக்கு இருந்த இடம் இதில் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது என்பது என் அபிப்பிராயம். கணக்கற்ற கைப்பேசிகள் பறவையாகிப் பறக்கிற பிரமாண்டத்தில், கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற அந்தச் சின்ன அபிநயத்தில் யார் கவனம் செலுத்துவார்கள்? இத்தகைய பிரமாண்டத்துக்கு வெளியிலும் ஒரு விலை உண்டு. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை ஒட்டியுள்ள ஈ.வி.பி. படப்பிடிப்பு வளாகத்தில், 2020 பிப்ரவரி 19-ம் தேதி இரவு, ‘இந்தியன் 2’ படத்துக்காக நிறுத்திய கிரேன் சரிந்து மூவர் மாண்டனர். மூவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள். கும்மிடிப்பூண்டி ஆலையில் கிரேன் விழுந்தால் எப்படியோ அப்படியேதான் அதுவும். சினிமாவை நாம் கலை என்று சொல்லிப் பழகிவிட்டபடியால் அதைத் தொழிற்சாலையாக எண்ண மனம் வருவதில்லை.

இந்தச் சரித்திரத்தில் கடைசியாகச் சொல்ல வேண்டியவர் அண்டை மாநிலமான கேரளத்தைச் சேர்ந்தவர். 2019 நவம்பரில் ரதீஷ் பாலகிருஷ்ணன் பொதுவாள் இயக்கிய ‘ஆண்ட்ராய்ட் குஞ்ஞப்பன்’ என்ற மலையாளப் படம் வெளியாயிற்று. பையன்னூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக வாழும் பிடிவாதக்காரக் கிழவருக்குத் துணையாக, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து விட்டுப் போகிறான். கிழவர் முதலில் முறைத்து, பிறகு அதைப் பெற்ற பிள்ளையாகவே பாவிக்கத் தொடங்குகிறார். கிழவராக நடித்த சுராஜ் வெஞ்ஞாறமூடைப் பாராட்டாத பத்திரிகை இல்லை. அந்த ரோபோ வெளிநாட்டில் செய்த பொம்மையா, கம்ப்யூட்டர் வித்தையா என்று ரஸிகர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். படக்குழுவினர் வாய் திறக்கவில்லை. படம் வெற்றி பெற்ற பிறகே உள்ளே இருந்தவர் சூரஜ் தேலக்காடு என்ற உயரம் குறைந்த நகைச்சுவை நடிகர் என்பதை வெளியிட்டார்கள். தமிழில் அதே கதை ‘கூகுள் குட்டப்பா’ என்ற பெயரில் 2022-ம் ஆண்டு வந்தபோது, ‘முத்து’, ‘படையப்பா’ ஆகிய படங்களை இயக்கிய கே. எஸ். ரவிகுமார் கிழவராக நடித்தார்.

டேனியல்ஸின் முதல் படத்துக்கும் தேலக்காட்டின் படத்துக்கும் இடையில் 42 வருஷம். மௌனம் என்னும் அதே விளம்பரத் தந்திரத்தை இரண்டு இடத்திலும் கையாண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே பெயர் வெளிவர நடிகரே புத்தகம் எழுத வேண்டியிருந்தது. இங்கே படக்குழுவே முன்வந்து விரைவிலேயே சொல்லிவிட்டது. செய்தி தெரிந்த பிறகு நான் அந்த மலையாளப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கிழவர் பேசப் பேச, அந்தப் பெரிய தலை ஒரு கணம் தாமதித்துச் சற்றே சாய்ந்து கேட்கும் இடம் ஒன்று உண்டு. முதல் தடவை அதை நல்ல கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்திருந்தேன்.